ஆழாக்கும் புளியங்கொட்டையும்: வீட்டில் தொடங்கும் கணக்கு

நான்கு வயதுக் குழந்தையின் முன்னால் ஏழு புளியங்கொட்டைகளைப் போட்டு எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகத் தொட்டு ஏழு வரை சரியாக எண்ணிவிடும். உடனே, "அப்போ மொத்தம் எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். பல குழந்தைகள் "ஏழு" என்று சொல்லாமல் மறுபடியும் முதல் கொட்டையிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். சிலர் வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்வார்கள். எண்ணி முடித்த கடைசிச் சொல்தான் அத்தனை கொட்டைக்குமான விடை என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

"நூறு வரைக்கும் சொல்றான்" என்று பெற்றோர் பெருமைப்படுவது நியாயம்தான். ஆனால் எண்களை வரிசையாகச் சொல்வது ஒரு திறமை, பொருளைத் தொட்டு எண்ணுவது இன்னொரு திறமை, மொத்தத்தை அறிவது மூன்றாவது திறமை. 1978இல் ரோச்சல் கெல்மன், ராண்டி காலிஸ்டல் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் எண்ணுவதற்குள் அடங்கியிருக்கும் ஐந்து விதிகளைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல் மட்டுமே; சொற்களின் வரிசை மாறாது; கடைசிச் சொல்தான் மொத்தம்; எதை வேண்டுமானாலும் எண்ணலாம்; எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் விடை ஒன்றே. நமக்கு இவை மூச்சு விடுவதுபோல் வந்துவிடுவதால், குழந்தை இவற்றை ஒவ்வொன்றாகக் கற்றுத்தான் ஆக வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம்.

இதைக் கற்றுத்தர வீட்டுச் சாமான்கள் போதுமா? போதும் என்றால் எப்படி? கேள்வி சின்னது, ஆனால் காவிரிப் பாசன நாட்டில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. இந்த வட்டாரத்தின் வாழ்க்கையே அளப்பதும் பங்கு போடுவதும்தான்.

திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. கல்லணையில் ஒரு முறை பங்கு போட்ட தண்ணீரை இங்கே மறுபடி பங்கு போடுகிறார்கள். நிலத்துக்கு இங்கே 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ராஜராஜன் காலத்துப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லை அளக்க ‘ஆடவல்லான்’ என்ற பெயருடைய மரக்காலே வருகிறது. கடவுளின் பெயரையே அளவைக்கு வைத்திருக்கிறார்கள். களத்தில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை "ஒன்று" என்று சொல்ல மாட்டார், "லாபம்" என்பார். பிறகுதான் ரெண்டு, மூணு. களத்து மேட்டில் நின்று இதைக் கேட்டுக் கேட்டே பிள்ளைகளுக்கு எண் வரிசை காதில் ஏறியது.

அளவை வாய்பாடும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. நாழியைத்தான் படி என்கிறோம். எட்டு நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால். இரண்டு குறுணி பதக்கு, இரண்டு பதக்கு தூணி, மூன்று தூணி கலம். ஆழாக்கிலிருந்து தூணி வரைக்கும் எல்லாமே இரட்டிப்பில் ஏறுகிறது; எட்டு நாழியும் மூன்று முறை இரட்டித்ததுதான். இரட்டிப்பதும் பாதியாக்குவதும்தான் குழந்தைக்கு முதலில் கைவரும் கணக்கு. அதற்கு இதைவிடப் பொருத்தமான பாத்திர வரிசையை எந்தப் பொம்மைக் கம்பெனியும் இதுவரை செய்யவில்லை என்பது என் கருத்து.

திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இதைத்தான் பாடமாக்கின. அங்கே கணக்குப் புத்தகத்தின் பெயர் எண்சுவடி. பொன்னிலக்கம் எண்களையும் பின்னங்களையும் கூட்டிப் பழக்கியது. நெல்லிலக்கம் செவிடு முதல் கலம் வரை முகத்தல் அளவையைக் கூட்டிப் பழக்கியது. பிறகு பெருக்கல் வாய்பாடு. நிலத்தின் பரப்புக்குக் குழிமாற்று. பின்னங்கள் முந்திரியில் தொடங்கும். ஒன்றை 320 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு முந்திரி. காணி எண்பதில் ஒன்று, மா இருபதில் ஒன்று, வீசம் பதினாறில் ஒன்று. மணலில் விரலால் எழுதி, ஓலையில் எழுத்தாணியால் எழுதி, கூட்டமாக உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்த, 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திர’த்தில் அந்தப் பள்ளிக்கூடங்களின் மணலையும் சட்டாம்பிள்ளையையும் அடியையும் எழுதி வைத்திருக்கிறார்.

இந்தப் பள்ளிகளின் கணக்கைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு. திண்ணைப் பள்ளியின் மனப்பாடத்தை வெறும் உருப்போடல் என்று ஒதுக்கிவிட முடியாது என்பது அவர் ஆய்விலிருந்து கிடைக்கும் முக்கியமான பாடம். நினைவில் ஏற்றிய வாய்பாடு, கணக்குப் போடும் கருவியாகவே பயன்பட்டது. பிள்ளைகள் ஊரின் அளவைகளோடும் வேலைகளோடும் பழகிக்கொண்டே அதைக் கற்றார்கள். நெல்லிலக்கம் சொன்ன பிள்ளை வீட்டுக்குப் போனால் அங்கே நிஜமான உழக்கு இருந்தது.

சோழநாட்டுக் கொறுக்கையூர்க் காரிநாயனாரின் கணக்கதிகாரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தஞ்சை சரசுவதி மகால் நூலகம் அதைப் பதிப்பித்திருக்கிறது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எத்தனை என்று சொல்ல அதில் ஒரு வழி உண்டு. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். எல்லாப் பழத்துக்கும் அது பலிக்குமா என்பதை அறுத்து எண்ணித்தான் பார்க்க வேண்டும். முள்ளை எண்ணி, விடையை எழுதி வைத்து, பிறகு சுளையை எண்ணிச் சரிபார்க்கும் ஒரு மாலைப்பொழுது எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெருக்கலையும் வகுத்தலையும் சேர்த்தே சொல்லிவிடும். விதியைச் சோதித்துப் பார்க்கும் குணத்தையும் தரும்.

ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு மனம் வரவில்லை. திண்ணையில் ஏற எல்லாப் பிள்ளைகளுக்கும் இடமில்லை. பெண் குழந்தைகள் மிகச் சிலர். சேரியிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்தத் திண்ணை எட்டாத உயரம். நெல்லை நட்டு, அறுத்து, அடித்துக் கொடுத்தவர்களுக்கே மரக்கால் கணக்கு எழுதத் தெரியாமல் வைக்கப்பட்டது. 1968 டிசம்பர் 25இல் கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கூலிப் போராட்டத்தில் அவர்கள் கூடுதலாகக் கேட்டது அரைப்படி நெல். இந்த மண்ணில் அளவை என்பது சோற்றுக்கும் உயிருக்குமான விஷயம். ஆகவே எல்லாக் குழந்தைக்கும் கணக்கு வர வேண்டும் என்று சொல்வதை நான் பள்ளிக்கூட விஷயமாக மட்டும் பார்க்கவில்லை.

இதற்கிடையே நாணயமும் அளவையும் மாறின. 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வந்தது. 16 அணா ஒரு ரூபாய் என்பது போய் 100 பைசா ஆயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் மெட்ரிக் அளவை எங்கும் பரவியது. கொள்முதல் நிலையத்தில் இன்று நெல் 40 கிலோ மூட்டையாகப் போகிறது. கலம் என்ற சொல்லைக் கேட்டிராத பிள்ளைகள் அதே ஊரில் வளர்கிறார்கள். பத்தடிமான முறை கணக்கை எளிதாக்கியது, சந்தேகமில்லை. ஆனால் வீட்டில் இருக்கும் பாத்திரத்தின் கணக்கு ஒன்று, புத்தகத்தின் கணக்கு வேறு என்று அன்றே பிரிந்துவிட்டது. இப்போது மளிகைச் சாமான் விலை அச்சிட்ட பொட்டலத்தில் வருகிறது, காசு போன் வழியாகப் போகிறது. கடைக்கு அனுப்பிய பிள்ளை கையில் சில்லறையே இல்லை.

இனி இன்றைய ஆராய்ச்சிக்கு வருவோம். அதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது சிகாகோ பல்கலைக்கழகத்தில் சூசன் லெவைன் குழு செய்தது. குழந்தைகளின் வீட்டுக்கே போய், 14 மாதம் முதல் 30 மாதம் வரை தாய்தந்தையர் குழந்தையோடு பேசுவதைப் பதிவு செய்தார்கள். எண்ணைப் பற்றிய பேச்சு அதிகம் கேட்ட குழந்தைகள், நான்கு வயதை நெருங்கும்போது ‘மொத்தம் எத்தனை’ என்பதை மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். 2010இல் வந்த ஆய்வு இது. அடுத்த ஆண்டு எலிசபெத் கண்டர்சனும் லெவைனும் இன்னொன்றையும் கண்டார்கள். கண்ணெதிரே இருக்கும் பொருளை எண்ணிப் பேசுவதே பலன் தருகிறது. அதிலும் நான்கு முதல் பத்து வரையுள்ள கூட்டங்களைப் பற்றிப் பேசுவது கூடுதல் பலன் தருகிறது. மூன்று பொருள் வரை குழந்தை எண்ணாமலே பார்த்துச் சொல்லிவிடும். நான்கிலிருந்துதான் எண்ண வேண்டிய தேவை பிறக்கிறது.

ஆகவே சாமான் மட்டும் போதாது. உழக்கு அலமாரியில் இருந்தால் குழந்தைக்குக் கணக்கு வராது. உழக்கைப் பற்றிய பேச்சு வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் ஓர் அம்மா, "பாப்பா, அப்பாவுக்கு ஒரு தட்டு, அப்பாயிக்கு ஒரு தட்டு, ஒனக்கு ஒண்ணு... இன்னும் யாருக்குத் தட்டு இல்ல?" என்று கேட்டால், ஆளுக்கொன்று என்ற முதல் விதி அங்கேயே வந்துவிடுகிறது. "அண்ணன் இன்னிக்கு வரல. அப்போ எத்தனை தட்டு வேணும்?" கழித்தலும் வந்துவிட்டது. இதற்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை; எப்படியும் போடப்போகிற தட்டுகள்தான்.

ஒவ்வொரு வீட்டுப் பொருளும் ஒவ்வொரு வேலைக்குப் பொருந்தும். எல்லாவற்றையும் சொல்ல இடமில்லை; எனக்குப் பிடித்தவற்றைச் சொல்கிறேன்.

வாழைத்தார் பெருக்கலுக்கு. காவிரிக்கரையில் வாழை இல்லாத கொல்லையைத் தேட வேண்டும். தாரில் சீப்பு சீப்பாக இருக்கிறது; சீப்பில் பழங்கள் மேல்வரிசை கீழ்வரிசை என்று இரண்டு அடுக்காக நிற்கின்றன. மேலே எட்டு, கீழே ஏழு என்றால் சீப்புக்குப் பதினைந்து. எல்லாச் சீப்பிலும் ஒரே எண்ணிக்கை இருக்காது. நுனிக்குப் போகப் போகக் குறையும். "பதினைந்து பதினைந்தாக எட்டுச் சீப்பு என்றால் எவ்வளவு? நிஜத்தில் அதைவிடக் குறையுமா, கூடுமா?" என்று கேட்டால் உத்தேசக் கணக்கும் கூடவே பழகும்.

கோலம் கூட்டலுக்கு. "ஏழு புள்ளி, ஊடுபுள்ளி, நாலில் நிறுத்து" என்றால் நடுவரிசை 7, இரு பக்கமும் 6, 5, 4. மொத்தம் 37. "ஏழு புள்ளி, நேர்ப்புள்ளி, ஒன்றில் நிறுத்து" என்று ஒற்றைப்படையில் இறங்கினால் 7, இரு பக்கமும் 5, 3, 1. மொத்தம் 25. அந்த வைரத்தைச் சாய்த்துப் பார்த்தால் நாலுக்கு நாலு சதுரமும், அதன் இடைவெளிகளில் மூன்றுக்கு மூன்று சதுரமும் தெரியும். சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி 1970களில் கோலத்தின் இலக்கணத்தைக் கணினிக் கணிதத்தோடு சேர்த்து ஆராய்ந்தார். அந்தக் கணிதம் வாசலில் தினமும் மாவாக உதிர்கிறது. பையன்களையும் புள்ளி வைக்கக் கூப்பிட வேண்டும்.

ஈர்க்குச்சி இடமதிப்புக்கு. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். 2005 முதல் பிரதம் நிறுவனம் வீடுவீடாகப் போய் நடத்தும் ‘அசர்’ மதிப்பீட்டில் கேட்கப்படும் கழித்தல், இரண்டு இலக்க எண்ணிலிருந்து கடன் வாங்கிக் கழிப்பது. 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 7இலிருந்து 2ஐக் கழித்து, 4இலிருந்து 1ஐக் கழித்து 35 என்று எழுதுகிறார்கள். விளக்குமாற்றுக் குச்சியைச் சம அளவாக ஒடித்து, பத்துப் பத்தாகக் கட்டி ரப்பர் பேண்டு போடுங்கள். நாலு கட்டு, ரெண்டு உதிரி. "இதிலேருந்து ஏழு உதிரி குடு" என்று கேளுங்கள். ரெண்டுதான் இருக்கிறது. குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கும். ஒன்றும் சொல்லாதீர்கள். சற்று நேரத்தில் ஒரு கட்டை அவிழ்க்கும். இப்போது மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழைக் கொடுத்தால் ஐந்து உதிரி, ஒரு கட்டைக் கொடுத்தால் இரண்டு கட்டு. 25. கடன் வாங்குவது என்று பள்ளியில் சொல்வது இந்த அவிழ்ப்பைத்தான். அவிழ்த்த அன்றைக்கே அதைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். மறுநாளைக்குத் தள்ளிப்போட்டால் குச்சி ஒரு பாடமாகவும் தாள் ஒரு பாடமாகவும் பிரிந்துவிடும்.

விளையாட்டுகளில் பல்லாங்குழியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 14 குழி, குழிக்கு ஐந்து என்றால் 70 முத்து. கடைசி முத்து எந்தக் குழியில் விழும் என்று முன்கூட்டியே பார்க்கும் பாட்டிகளின் கண் அசாத்தியமானது. ஆனால் எண்ணைக் கற்கத் தொடங்கும் குழந்தைக்குப் பரமபதம் அதைவிட உதவும் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் இருவரும் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எண் எழுதிய கட்டங்கள் நேர்வரிசையில் அமைந்த பலகையில் சில நாள் விளையாடிய ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள், எண்களின் அளவை ஒப்பிடுவதில் நன்றாக முன்னேறினார்கள். வட்டமான பலகைக்கு அந்தப் பலன் இல்லை என்பதும் அடுத்துத் தெரிந்தது. பரமபதத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் எண் இருக்கிறது. காய் ஏற ஏற எண் பெரிதாகிறது. தாயக்கட்டத்திலும் பல்லாங்குழியிலும் அது இல்லை. விளையாடும்போது "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நகர்த்தாமல், இருக்கும் கட்டத்திலிருந்து "இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு" என்று சொல்லி நகர்த்தப் பழக்குங்கள். பலன் அதில்தான்.

பொருளே தடையாகிவிடும் இடமும் உண்டு. வண்ணப் பொம்மைகளையும் நிஜ நோட்டுபோலவே அச்சிட்ட விளையாட்டுப் பணத்தையும் கொடுத்தால் குழந்தையின் மனம் பொருளில் போய்விடுகிறது. நிஜம்போன்ற பணத்தைக் கையாண்ட குழந்தைகள் கணக்கில் கூடுதல் பிழை செய்தார்கள் என்று நிக்கோல் மெக்நீல் குழு 2009இல் காட்டியது. புளியங்கொட்டை இங்கே ஜெயிக்கிறது. எல்லாம் ஒரே நிறம், ஒரே சாயல். எண்ணுவதைத் தவிர அதில் வேறு கவர்ச்சி இல்லை. ஆனால் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் கொட்டையையும் சோழியையும் கொடுக்கவே கூடாது. வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும். அந்த வயதுக்குக் கரண்டியும் டம்ளரும் போதும்.

பொருளைக் கொடுத்த அளவுக்கு, பொருளை மறைக்கவும் தெரிய வேண்டும். பிரிட்டனில் மார்ட்டின் ஹியூஸ் 1986இல் எழுதிய நூலில் ஒரு சோதனை வருகிறது. "ரெண்டும் ஒண்ணும் எத்தனை?" என்றால் விழிக்கும் சின்னக் குழந்தை, பெட்டிக்குள் இரண்டு கட்டை இருக்கும்போது இன்னொன்று போட்டால் எத்தனை என்றால் சொல்லிவிடுகிறது. எவர்சில்வர் டப்பாவில் மூன்று முறுக்கைப் போட்டு மூடுங்கள். குழந்தை பார்க்க இன்னும் இரண்டைப் போட்டு மறுபடி மூடுங்கள். இப்போது எத்தனை? கண்ணுக்குத் தெரியாத முறுக்கை மனத்தில் எண்ணும் அந்த நிமிடம் விரலிலிருந்து மனக்கணக்குக்குப் போகும் படி. பிறகு டப்பா மேல் ஒரு துண்டுத்தாளில் 3 + 2 என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

அந்தத் தாள் ஏன் அவசியம் என்பதற்கு இரண்டு ஆய்வுகள் சாட்சி. பிரேசிலின் ரெசிஃபே நகரில், தெருவில் வியாபாரம் செய்த 9 முதல் 15 வயதுள்ள ஐந்து பிள்ளைகளை ஆய்வாளர்கள் சோதித்தார்கள்; முடிவு 1985இல் வெளிவந்தது. கடையில் கேட்ட கணக்கில் 98 சதவீதம் சரி. அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தால் 37 சதவீதம். ஒரு தேங்காய் 35 என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்றதற்கு, பன்னிரண்டு வயதுப் பையன் மூன்று மூன்றாக, 105, 210, 315 என்று கூட்டி, இன்னொரு 35 சேர்த்து 350 என்றான். பத்தால் பெருக்கினால் பக்கத்தில் ஒரு பூஜ்யம் என்ற பள்ளி வித்தை அவன் கைக்கு வரவில்லை. 2025இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடமும் இதையே கண்டார்கள். சந்தைப் பிள்ளைகளுக்கு ஏட்டுக் கணக்கு தடுமாறியது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு தடுமாறியது. ஒன்று தானாக இன்னொன்றுக்குப் போகாது. யாராவது ஒருவர் உட்கார்ந்து, "நீ இப்போ வாயால் சொன்னியே, அதை இப்படித்தான் எழுதுவாங்க" என்று சேர்த்துவைக்க வேண்டும்.

பள்ளிகள் இதை அறியாமலில்லை. சென்னை முத்தியாலுப்பேட்டைப் பள்ளி ஆசிரியர் பி.கே. சீனிவாசன் வாழ்நாள் முழுவதும் கையில் கிடைத்த பொருளைக் கொண்டே கணிதம் சொல்லிக்கொடுத்தார். செயல்வழிக் கற்றல் 2007இல் தமிழகம் எங்கும் வந்தது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. நல்ல முயற்சிகள். ஆனால் வீட்டோடு இவை சேரும் இடம் இன்னும் பலவீனமாகவே இருக்கிறது. அதற்கு மொழி ஒரு காரணம். பள்ளியில் "லெவன், ட்வெல்வ்" என்று ஆங்கிலத்தில் எண்ணும் குழந்தையிடம் வீட்டில் "பதினொண்ணு, பன்னெண்டு" என்று சொல்லப் பெற்றோர் தயங்குகிறார்கள். குழம்பிவிடும் என்ற பயம். குழந்தை குழம்பாது. புரியாத சொல்லில் எண்ணுவதால்தான் குழம்பும். முதலில் அம்மா பேசும் மொழியில் எண்ணட்டும். எண்ணிக்கை பிடிபட்ட பிறகு ஆங்கிலச் சொல் ஒட்டிக்கொள்ள அதிக நாள் ஆகாது.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது. பரணில் ஆழாக்கும் உழக்கும் படியும் கிடந்தால் இறக்கிக் கழுவுங்கள். அரிசி அளக்கும் வேலையை ஐந்து வயதுப் பிள்ளையிடம் கொடுங்கள். எத்தனை ஆழாக்கு போட்டாய் என்று கேளுங்கள், விருந்தாளி வந்தால் எத்தனை கூட்ட வேண்டும் என்று கேளுங்கள், சொன்ன விடையைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயிக்கும் இதில் ஆசிரியர் இடம் உண்டு. மரக்கால் கணக்கு அவர் வாயில் இன்னும் இருக்கிறது. அங்கன்வாடிப் பணியாளர்களும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் மாதம் ஒரு நாளாவது அந்தப் பாட்டிகளை வகுப்புக்குக் கூப்பிட்டு, பிள்ளைகள் முன்னால் ஒரு மூட்டை நெல்லை அளக்கச் செய்ய வேண்டும்.